தோள் கொடுத்த எட்டுப் பேர்

எங்கள் ஊர் அம்மன் பல்லக்கு பறக்கும். சந்தேகம் இருந்தால் தாய் பின் என்கிற எங்கள் மாகாணத்துப் பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழா அன்று எட்டுப் பெண்கள் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு தூக்கிப் போவோம். போகிற போக்கில் பல்லக்கு தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், சுற்றும், ஓடும். தூக்குகிறவர்களும் இழுபட்டு ஓட வேண்டியதுதான். அம்மன் எங்கே போக நினைக்கிறாளோ அங்கே போவாள். குறுக்கே யாரும் நிற்கக் கூடாது, கை வைத்துத் தடுக்கக் கூடாது. தடுத்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள்.

நான் முன்வரிசை, இடதுபக்கத் தண்டு. வயசுக்கு வந்த நாளிலிருந்து அது என் இடம். பல்லக்கு எப்படிப் பறக்கிறது என்று தூக்குகிறவளிடம் மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களுக்குள்ளேயும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அம்மனுக்கு இடுப்பு கிடையாது. எங்கள் இடுப்பைத்தான் இரவல் வாங்கிக்கொள்வாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு வயலில் சணல் போடச் சொன்னான். காலி வயலில் போடு என்றால் சரி, போட்டுத் தொலைக்கலாம். பால் பிடித்து நின்ற நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சணல் விதைக்கச் சொன்னான். மூட்டைக்கும் கயிற்றுக்கும் சணல் வேண்டுமாம். சொந்தப் பிள்ளையைக் கிணற்றில் போடுவது மாதிரி நாங்களே எங்கள் கையால் நெல்லைப் பிடுங்கினோம். சணல் இலையை அவித்துத் தின்னலாம், வழவழவென்று தொண்டையில் இறங்கும். ஆனால் அதைத் தின்று எத்தனை நாள் நடமாட முடியும் என்பதை எங்கள் ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது.

மிச்சமிருந்த வயலில் விளைந்ததையும் விட்டுவைக்கவில்லை. அப்போது எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரன் அளந்தான், ஜப்பான்காரன் ஏற்றினான், எங்கள் மணியக்காரர் கோணி பிடித்தார். ஊர் நெல் முழுவதையும் ஊர்ப் பெரிய கோயிலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அம்மனைத் தூக்கிக் குளத்தங்கரைச் சின்னக் கோயிலில் வைத்துவிட்டு, அவள் வீட்டை நெல்லுக் கிடங்காக்கிப் பூட்டினார்கள். வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாய், கூட நம் நாட்டுச் சிப்பாய்கள் ரெண்டு பேர். அவ்வப்போது ஒரு ஜப்பான் அதிகாரி வந்து, நாமெல்லாம் ஒரே ஆசியத் தாய் வயிற்றுச் சகோதரர்கள் என்று பேசிவிட்டுப் போவான். அந்த வீட்டில் ஒரு சகோதரன்தான் சாப்பிடுவான் போலிருக்கிறது.

குளிர்காலம் முடிவதற்குள் ஊரில் வெள்ளைத் துணி தீர்ந்துவிட்டது. துக்க வீட்டுக்காரர்கள் தலையில் வெள்ளை கட்டுவது எங்கள் வழக்கம். உடுத்தத் துணியில்லாமல் பாயைச் சுற்றிக்கொண்டு திரிந்தவர்கள் வெள்ளைத் துணிக்கு எங்கே போவார்கள்? வாழை நாரைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். தெருவில் நார் கட்டாத தலையே இல்லை என்று ஆகிவிட்டது.

என் தலையில் நார் இல்லை. என் புருஷன் 'நாம் தின்' என்கிற பட்டணத்துக்கு வேலை தேடிப் போனவர். அவரைப் பற்றிச் சேதி இல்லை. சேதி வராத வரைக்கும் அவர் இருக்கிறார், அவ்வளவுதான். வீட்டில் நானும் என் மகளும். அவள் பெயர் தெயோ, துளியூண்டு என்று அர்த்தம். நல்ல பெயர் வைத்தால் பேய் பிசாசு கண் வைக்கும் என்று வைத்த பெயர். அந்த மாசி மாதத்தில் பெயருக்கு ஏற்ற மாதிரியே ஆகிவிட்டாள். கால் மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் சோறு கேட்டு வீட்டை ரெண்டாக்குவாள். பிறகு முனகினாள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அழுகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அழாத பிள்ளையைத்தான் நம்ப முடியாது.

மானத்தை விட்டு மணியக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம் போய்த் தவிடு கேட்டேன். அரிசி இல்லை, தவிடு. அவர் பெண்டாட்டி ஹென் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், நல்ல தாட்டியான உடம்பு. என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த ஓலைக் கூடையைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவளை நான் சபித்த சாபத்தில் ஒன்று பலித்திருந்தாலும் அவள் வம்சம் தழைத்திருக்காது.

பௌர்ணமி கழிந்ததும் படகுகள் வந்து கோயில் நெல்லை மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகப்போகின்றன என்று காவல் சிப்பாய் ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். தண்ணீர் எடுக்கப் போன மாய் காதில் அது விழுந்தது. மாய் பல்லக்கில் எனக்குப் பக்கத்துத் தண்டு. புருஷனையும் பையனையும் அடுத்தடுத்துப் புதைத்தவள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே படுத்திருந்த தெயோவைப் பார்த்தாள்.

"அக்கா, பௌர்ணமிக்குத்தானே திருவிழா," என்றாள். "இந்த வருஷம் அம்மன் பறக்க மாட்டாளா?"

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பேசாத விஷயத்தை அன்றும் நாங்கள் பேசவில்லை. பேசவேண்டிய அவசியமும் இல்லை. திருவிழாவில் எங்கே சுற்றினாலும் அம்மன் கடைசியில் பெரிய கோயிலுக்குத்தான் போவாள். அது அவள் வீடு. எங்களுக்கு ஒரு பல்லக்கும் எட்டுத் தோளும் வேண்டும், அவ்வளவுதான்.

எட்டுத் தோளில்தான் சிக்கல். துக்கம் உள்ள வீட்டுப் பெண் அம்மன் பல்லக்கைத் தொடக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு அது, யாரும் மீறியதில்லை. மணியக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். நாங்கள் கூட்டமாக அவர் முற்றத்தில் போய் நின்று திருவிழாவுக்கு அனுமதி வாங்கித் தரச் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினார். துக்கமில்லாத வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரை நிறுத்துங்கள், இன்றைக்கே அதிகாரியிடம் போய்க் கேட்கிறேன் என்றார். எங்கள் தலையிலிருந்த நாரையெல்லாம் அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நான் முன்னால் போய் நின்றேன். மாய் பின்னாலேயே வந்தாள். தலையில் கட்டியிருந்த நாரை அவிழ்த்து, சுருட்டி, மடியில் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல துக்கம் இல்லைங்க," என்றாள்.

அவள் அவிழ்த்ததைப் பார்த்து இன்னொருத்தி அவிழ்த்தாள். அப்புறம் இன்னொருத்தி. மாமியாரைப் புதைத்து மண் காயாதவள்கூட அவிழ்த்தாள். அப்படி அவிழ்ப்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியாது. செத்தவர்களை இன்னொரு முறை சாகடிப்பது மாதிரி. மணியக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. பொய் சொல்லி அம்மனைத் தொட்டால் ஊர் அழிந்துவிடும் என்று கத்தினார். அவர் அம்மனை நிஜமாகவே நம்புகிற மனுஷன், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க ஊர்ல ஒரு பட்டினிச் சாவு கிடையாதுன்னு அதிகாரிகிட்ட சொன்னது நீங்கதானே? யாருமே சாகாத ஊர்ல துக்கம் எங்கேருந்து வரும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த மாசத்தில் அந்த ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். மணியக்காரர் எங்களை எண்ணினார். ஏழு பேர்தான் இருக்கிறீர்கள், எட்டாவது ஆள் எங்கே என்று கேட்டார். மற்ற பெண்களால் எழுந்து நிற்கவே முடியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஹென் வந்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, படியிறங்கி, என் பக்கம் திரும்பாமல் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எட்டாவது நான்," என்றாள்.

பெண்டாட்டியே வந்து நின்ற பிறகு மணியக்காரர் என்ன செய்வார்? அனுமதி வாங்கினார். குளத்தைச் சுற்றி வந்து அம்மனைப் பழைய இடத்திலேயே இறக்கிவிட வேண்டும், பெரிய கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கு ஒரே எரிச்சல். வேவு பார்க்கத்தான் பெண்டாட்டியை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். மாயும் அப்படித்தான் நினைத்தாள். ஹென்னிடம் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. பின்வரிசையில் இடதுபக்கத் தண்டைக் கொடுத்து நிறுத்தினோம். கண்ணில் படாமல் ஒழியட்டும் என்று.

பௌர்ணமி அன்று மதியம் கிளம்பினோம். ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். கையில் பூசைக் கூடை, மேலே நாலு வெற்றிலை, அதற்குக் கீழே வெறும் கூடை. கூம்புத் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தெயோவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். கிளம்பும்போது அவள் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

பல்லக்கு பலாமரத்தில் செய்தது. தண்டின் முனையில் நாகத் தலைகள், ஒவ்வொன்றும் கொழுத்த பன்றித் தலை அளவு இருக்கும். வயிறு நிறைந்த காலத்திலேயே தோளை அறுக்கும். அன்றைக்குத் தூக்கிய உடனே எனக்குக் கண் இருட்டியது. மாயின் மூச்சு துருத்தி மாதிரி கேட்டது. முன்னால் மணியக்காரர் முரசு அடித்துக்கொண்டு போனார். குளத்து மூலையில் பாதை பிரியும். இடதுபக்கம் போனால் சின்னக் கோயில், வலதுபக்கம் திரும்பினால் நேரே பெரிய கோயில் வாசல். பல்லக்கைத் திருப்ப அந்த மூலைதான் சரியான இடம். அங்கே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலதுபக்கமாக இடுப்பைக் கொடுத்தேன்.

பல்லக்கு அசையவில்லை.

இன்னொரு தரம் கொடுத்தேன். மாயும் இழுத்தாள். அவள் முட்டி மடங்கியது. இடுப்பு இருந்தது, அதில் வலு இல்லை. ஏழு பேருக்கும் வாழைக்கிழங்கைத் தின்று காய்ந்த உடம்பு. மணியக்காரர் முரசோடு இடதுபக்கம் திரும்பிவிட்டார். பல்லக்கும் அவர் பின்னாலேயே மெல்லத் திரும்பத் தொடங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்குப் படகு வரும், நாளை மறுநாள் தெயோவுக்காக நான் நார் கிழிக்க வேண்டியதுதான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு.

அப்படி ஒரு தள்ளை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. தண்டு என் தோளைப் பிய்த்துக்கொண்டு வலதுபக்கம் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹென் தலையைக் குனிந்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கடைவாயில் வெற்றிலைச் சாறு வழியத் தள்ளிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரில் சோறு தின்ற ஒரே உடம்பு அது. அத்தனை நாள் தின்ற சோற்றையெல்லாம் அந்தத் தண்டில் இறக்கினாள். அம்மன் பறக்கிறாள் என்று பின்னால் கூட்டம் கூவியது. அந்தக் கூவலில் எங்கள் காலுக்கும் எங்கிருந்தோ உயிர் வந்தது.

மணியக்காரர் முரசைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கையை விரித்துக்கொண்டு பாதையில் நின்றார். நாகத் தலை அவர் மார்புக்கு நேரே வந்தது. அதைப் பார்த்தார், பின்தண்டில் இருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தார், அப்படியே ஓரமாகப் போய்ச் சாஷ்டாங்கமாக விழுந்தார். அம்மனுக்குக் குறுக்கே நிற்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

கோயில் வாசலில் நம் சிப்பாய்கள் ரெண்டு பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்கள். அவர்களும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பல்லக்குக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவர்கள்தானே. ஜப்பான்காரனுக்கு இதெல்லாம் தெரியாது. ஏதோ கத்தினான், சுட்டான். குண்டு பல்லக்கின் குடையைத் துளைத்துக்கொண்டு போனது. அவன் மறுபடி சுடுவதற்குள் நம் சிப்பாய்களில் ஒருவன் பாய்ந்து அவனைத் துப்பாக்கியோடு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். எந்த ஊர்ப் பிள்ளையோ, அவனைப் பெற்றவள் வயிறு குளிரட்டும்.

பலாமரம் என்ன உறுதி என்று அன்றைக்குப் பார்த்தேன். நாகத் தலை கதவில் மோதியது. பின்வாங்கினோம், மோதினோம். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. அம்மன் அவள் வீட்டுக்குள் போனாள். உள்ளே நெல் வாசனை. வரப்பில் நிற்கும்போது வருமே, அந்த வாசனை. மூட்டையைக் கிழித்ததும் பொலபொலவென்று கொட்டியது. கூடையில், தொப்பியில், அங்கி மடியில், காற்சட்டைக் காலைக் கட்டி அதற்குள் என்று அள்ளினார்கள். ஒருவரையொருவர் மிதிக்கவில்லை. எழ முடியாதவர்கள் வீட்டுக்கு யார் கொண்டுபோவது என்று மாய் ஒரு மூட்டை மேல் ஏறி நின்று பிரித்து விட்டாள். நம் நெல்லை நாம் எடுக்கிறோம், எதற்குத் திருடன் மாதிரி ஓட வேண்டும்?

மறுநாள் ஜப்பான்காரர்கள் லாரியில் வந்தார்கள். வீட்டுக்கு வீடு குடைந்தார்கள். நெல் குளத்துச் சேற்றிலும் ஜாடியிலும் புதைகுழிகளிலும் இருந்தது. பெரிய கோயிலில் அம்மன்தான் தன் பீடத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் செய்தது என்று கேட்டபோது ஊரே அவளைக் கைகாட்டியது. மணியக்காரரும் அதையேதான் சொன்னார். அவரை ஏற்றிக்கொண்டு போய், முன்பல் இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷமே ஜப்பான்காரனும் மூட்டையைக் கட்டினான். அதெல்லாம் அப்புறம் நடந்தது.

பல்லக்கு பறந்த அன்று சாயங்காலம் என் கூடையை என்னால் தூக்க முடியவில்லை. தோளில் சதை பிய்ந்திருந்தது. யாரோ கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஹென்தான். நான் பின்னால் போனேன். தெயோவைத் தூக்கி வந்து பாயில் கிடத்தினேன். நெல்லைக் குத்தினால்தானே கஞ்சி? எங்கள் ஊர் உரலில் உலக்கையைக் காலால் மிதித்துத்தான் குத்த வேண்டும், என் கால் எழவில்லை. ஹென் என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுத் தானே மிதிக்க ஏறினாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தவிடு கேட்டபோது சாத்திய கதவு கண் முன்னால் நின்றது. ஏன்டி தள்ளினாய் என்று கேட்டேன். அவள் சிவப்பு அங்கியின் இடுப்புக் கச்சையை அவிழ்த்தாள். உள்ளே, உடம்போடு ஒட்டி, ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வியர்வையில் நனைந்து மஞ்சளாகியிருந்தது.

"எங்க அப்பாவும் அம்மாவும்," என்றாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம், புத்தாண்டுக்கு முன்னாடியே பட்டினியில போயிட்டாங்க. இங்க எங்க வீட்டுல சோறு இருந்துச்சு. ஒரு கூடை அனுப்ப விடல அந்த மனுஷன். உனக்கும் குடுக்க விடாம கதவுக்குப் பின்னாடியே நின்னாரு. யாருமே சாகாத ஊருக்கு மணியக்காரர் ஆச்சே, நான் எப்படி வெள்ளை கட்டுறது?"

துணியை உதறி, மடித்து, தலையில் கட்டினாள். பின்பக்கம் முடிச்சுப் போட அவளுக்குக் கை எட்டவில்லை. நான் எழுந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் மிதிக்கத் தொடங்கினாள். எட்டுப் பேரில் துக்கம் இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பட்டினி வயிற்றில் கட்டிச் சோறு போட்டால் ஆள் அங்கேயே போய்விடும். அந்தப் பஞ்சத்தில் அப்படியும் போனார்கள். ஒரு பிடி அரிசியைக் கரையக் கரைய வேகவைத்து, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, உப்பு போட்டு, தெயோவின் உதட்டில் கரண்டியால் விட்டேன். முதலில் வழிந்தது. அப்புறம் தொண்டை அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அரைக் கிண்ணம் போனது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தாள். வாய் கோணியது. பிறகு அழுதாள். முனகல் இல்லை, நிஜமான அழுகை. இன்னும் வேண்டும் என்று காலை உதைத்துக்கொண்டு, பழையபடி வீட்டை ரெண்டாக்குகிற அழுகை. ஹென் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மூலையில் கூடை நிறைய நெல் இருந்தது, பானையில் கஞ்சி இருந்தது.

நான் கொடுக்கவில்லை. பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.